பவ் த்ரஸ்டர்: மோட்டாரைவிடக் குழாய் முக்கியம்

தன்னைக் கடந்து ஓடும் தண்ணீர் இல்லாமல் சுக்கான் வேலை செய்யாது. துறையில் கட்ட வரும் படகு மெதுவாகும்போது, காற்று அணியத்தை, அதாவது படகின் முன்முனையை, தன் போக்கில் தள்ளிவிடும். அதைச் சமாளிக்கத்தான் பவ் த்ரஸ்டர்: அணியத்தில், நீர்மட்டத்துக்குக் கீழே குறுக்காக ஒரு குழாய், அதற்குள் மின்மோட்டார் சுழற்றும் புரொப்பல்லர். தண்ணீர் இடப்பக்கம் பாய்ந்தால் அணியம் வலப்பக்கம் நகரும்.

ஃபைபர் படகில் இதைப் பொருத்தும்போது முதலில் இடத்தைத் தீர்மானிக்க வேண்டும். படகு திரும்பும் மையத்திலிருந்து 7 மீட்டரில் இருப்பதை 8 மீட்டருக்குக் கொண்டுபோனால், அதே மோட்டார் 14 சதவீதம் கூடுதலாகத் திருப்பும். ஆனால் முன்னே போகப் போக அடிப்பகுதி மேலேறிவிடும். குழாயின் மேல்விளிம்பு நீர்மட்டத்துக்குக் கீழே விட்டத்தில் பாதியாவது இருக்க வேண்டும், 185 மி.மீ. குழாய்க்கு 93 மி.மீ. ஆழம் அதற்கும் குறைந்தால் புரொப்பல்லர் காற்றை உறிஞ்சும். சத்தம் வரும், தள்ளாது.

இரு பக்கமும் குழாயின் மையத்தில் சிறு துளையிட்டு, நேரான கம்பி ஒன்றை இரண்டிலும் நுழையுங்கள். குழாயின் வெளி ஆரத்துக்கு ஒரு கைக்கம்பியை அதில் பொருத்திச் சுற்றினால் வெட்டுக்கோடு கிடைக்கும். படகுச் சுவர் சரிந்திருப்பதால் அது நீள்வட்டமாகத்தான் வரும். வட்டமாக வெட்டினால் குழாய் நுழையாது.

துளையைச் சுற்றி 10 செ.மீ. அளவுக்கு ஜெல்கோட்டை (ஃபைபரின் வழவழப்பான வெளிப்பூச்சை) தேய்த்து எடுத்துவிட வேண்டும். ஒட்டுவதற்கு எபாக்சிப் பிசினே நல்லது; இறுகிய பழைய ஃபைபரில் பாலியெஸ்டர் பிசின் அவ்வளவு உறுதியாகப் பிடிக்காது. மூலைகளைக் கெட்டியான எபாக்சியால் வளைவாக நிரப்பிய பிறகே உள்ளும் புறமும் கண்ணாடியிழையைப் படியவைக்க வேண்டும். கூர்மூலையில் இழை மடங்காமல் தூக்கி நிற்கும், அடியில் காற்று தங்கும், கசிவு அங்கேதான் தொடங்கும்.

பலரும் அவசரப்படுவது குழாயின் வாய் விளிம்பில். விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 18 மி.மீ. ஆரத்துக்கு, விளிம்பை உருட்டிவிடுங்கள். கூர்விளிம்பில் நீரோட்டம் சுவரை விட்டுப் பிரிந்து சுழல்கிறது. உந்துவிசை குறைகிறது, இரைச்சல் கூடுகிறது. உருண்ட விளிம்பில் நீர் வேகமாக நுழைவதால் அங்கே அழுத்தம் குறையும், அந்த உறிஞ்சலும் படகைத் தள்ள உதவும்.

80 கிலோ உந்துவிசை தரும் 12 வோல்ட் மோட்டார் 400 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். மெல்லிய கேபிளால் 12 வோல்ட் 10 ஆக இறங்கினால், உந்துவிசை ஏறத்தாழ 30 சதவீதம் போய்விடும். அதனால் பேட்டரியை அணியத்துக்குப் பக்கத்திலேயே வையுங்கள். ஃபியூஸும் தனி மெயின் ஸ்விட்சும் கட்டாயம். பெட்ரோல் ஆவி சேரும் அறையில் தீப்பொறி காப்புள்ள மோட்டார்தான் வேண்டும்.

இறக்குமுன் புரொப்பல்லரைக் கையால் சுற்றி, இறக்கை குழாயில் எங்கும் உரசவில்லை என்று உறுதி செய்யுங்கள். குழாய்க்குள் பாசித் தடுப்புப் பெயிண்ட் அடிக்கும்போது துத்தநாக அனோடில் (மற்ற உலோகத்துக்குப் பதிலாகத் தானே அரிபடும் துண்டில்) மட்டும் படவிடாதீர்கள். பெயிண்ட் மூடிய அனோட் அரிப்பைத் தன்மேல் ஏற்காது, குழாய்க்குள் புரொப்பல்லரைத் தாங்கும் கியர் கால் அரிக்கத் தொடங்கும்.