ஆன்டிபயாடிக் வியாபாரம்: கவுன்டருக்கு இந்தப் பக்கத்திலிருந்து

பெரம்பூரில் மெடிக்கல் ஷாப் வைத்து இருபத்திரண்டு வருஷமாகிறது. ஐப்பசி, கார்த்திகையில் மழையோடு காய்ச்சலும் வரும், அதோடு ஆன்டிபயாடிக் விற்பனையும் ஏறும். போன நவம்பரில் ஒரு ராத்திரி, மணி ஒன்பதரை இருக்கும், ஆட்டோவை ஓரமாக நிறுத்திவிட்டு ஒரு தம்பி வந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டு அட்டையை எடுத்து வைத்து, "அக்கா, இதே மாத்திரை ரெண்டு குடுங்க, போன தடவ இதுலதான் கேட்டுச்சு" என்றார்.

கத்தரியால் வெட்டிய துண்டு. இரண்டு குழியும் காலி. பின்பக்கத் தாளில் '…மைசின் 500' என்பது மட்டும் மிச்சம் இருந்தது, எக்ஸ்பைரி தேதியும் பேட்ச் நம்பரும் வேறு துண்டோடு போய்விட்டன. ஓரத்தில் மேலிருந்து கீழ் வரை ஒரு சிவப்புக் கோடு.

"டாக்டர் சீட்டு இருக்கா தம்பி?"

"ரெண்டு மாத்திரைக்கு எதுக்குக்கா டாக்டரு? அங்க போனா முன்னூறு ரூபா, உக்கார்ற நேரத்துல சவாரி வேற போயிடும்."

அவர் கணக்கில் தப்பில்லை. மாத்திரை ஒன்று இருபது, இருபத்தைந்து ரூபாய்தான். மூக்கு ஒழுகல், தொண்டைக் கரகரப்பு, மூச்சு வாங்கல் இல்லை, பெரிய காய்ச்சலும் இல்லை. இது வைரஸ் சளியாகத்தான் இருக்கும், இந்த மாத்திரை பாக்டீரியாவுக்குத்தான், வைரஸை ஒன்றும் செய்யாது, போன தடவை இரண்டு நாளில் தானாகவே சரியாகியிருக்கும் என்று சொல்லி, பாராசிட்டமால் கொடுத்து, குறையாவிட்டால் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள், அங்கே காசு கிடையாது என்றேன். அந்தச் சிவப்புக் கோட்டையும் காட்டினேன். சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாத மருந்து என்று யாருக்கும் புரிய வேண்டும் என்பதற்காகத்தான் 2016-இல் மத்திய அரசு அந்தக் கோட்டைப் பற்றிப் பிரசாரமே செய்தது. "இது டிசைன்னு நெனச்சேன்க்கா" என்றார். பாராசிட்டமாலை வாங்கிக்கொண்டு, எதிர்த் தெருவில் இருக்கும் கடைப் பக்கம் வண்டியைத் திருப்பினார்.

இந்த மாதிரி நேரத்தில் மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை என்று சொல்லி முடித்துவிடுவது சுலபம். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. அந்தத் துண்டு அட்டை அவர் கைக்கு வந்தது ஒரு வியாபாரத்தின் வழியாக. அதைப் பற்றிக் கடைக்காரர்களாகிய நாங்கள் பேச வேண்டும்.

என் அலமாரியில் அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் மட்டும் பதினொரு பெயரில் இருக்கிறது. உள்ளே ஒரே மருந்துதான். ஒவ்வொரு டாக்டரும் ஒவ்வொரு பெயரை எழுதுவதால் எல்லாவற்றையும் வாங்கி வைக்க வேண்டியிருக்கிறது. மழைக்காலம் தொடங்கும் முன்பே ஸ்டாக்கிஸ்ட் ஆள் வந்து, பத்து அட்டை எடுத்தால் மூன்று அட்டை சும்மா என்று ஸ்கீம் சொல்வார். எடுத்த சரக்கு எக்ஸ்பைரிக்கு முன்னால் வெளியே போயாக வேண்டும். வாடகை, கரண்ட் பில், பையன் சம்பளம் எல்லாம் கண் முன்னால் நிற்கும்போது, சீட்டில்லாமல் ஒருவர் வந்து கேட்டால் கை தானாக அலமாரிக்குப் போகும். நானும் ஆரம்ப வருஷங்களில் கொடுத்திருக்கிறேன். அதை மறைக்க விரும்பவில்லை.

விலைக் கட்டுப்பாட்டையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருப்பவற்றுக்கு அரசு உச்சவிலை வைக்கிறது. அந்தக் கணக்கில் சில்லறைக் கடைக்கு 16% லாபம். பட்டியலில் இல்லாத மருந்துக்குக் கம்பெனியே விலை வைத்துக்கொள்ளலாம், வருஷத்துக்கு 10% வரை ஏற்றியும் கொள்ளலாம். அதனால் பட்டியலில் இருக்கும் ஒரு ஆன்டிபயாடிக்கோடு வேறொன்றைச் சேர்த்து ஒரே மாத்திரையாகப் போட்டால், விலைக் கட்டுப்பாட்டிலிருந்து வெளியே வந்துவிட முடிகிறது. காம்பினேஷன் மருந்துகள் இங்கே இவ்வளவு பெருகியதற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்பேன். 2018-இல் 328 கூட்டு மருந்துகளையும், 2024 ஆகஸ்டில் 156 கூட்டு மருந்துகளையும் அரசு தடை செய்தது, இரண்டு பட்டியலிலும் ஆன்டிபயாடிக் கலவைகள் இருந்தன. தனியார் சந்தையில் 2019-இல் விற்ற ஆன்டிபயாடிக்குகளைக் கணக்கெடுத்து 2022-இல் லான்செட் குழும மருத்துவ இதழ் ஒன்றில் வந்த ஆய்வில், முதலிடம் அசித்ரோமைசின் 500, இரண்டாமிடம் செஃபிக்ஸிம் 200. மொத்த நுகர்வில் 47.1% மத்திய ஒழுங்குமுறை அமைப்பின் அனுமதி பெறாத தயாரிப்புகள். அதைப் படித்துவிட்டு என் கடையில் அந்த மாதம் எது அதிகம் போயிருக்கிறது என்று பார்த்தேன். அதே வரிசைதான்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2014 மார்ச் 1 முதல் ஷெட்யூல் எச்1 என்ற கட்டுப்பாட்டுப் பட்டியல் அமலில் இருக்கிறது. செஃபிக்ஸிம், லெவோஃப்ளாக்சசின், மெரோபெனம் மாதிரி மருந்து கொடுத்தால் டாக்டர் பெயர், முகவரி, நோயாளி பெயர், மருந்து, எத்தனை என்பதைத் தனி ரிஜிஸ்டரில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். அசித்ரோமைசின் அந்தப் பட்டியலில் இல்லை. அது பழைய ஷெட்யூல் எச் மருந்து, அதற்கும் சீட்டு கட்டாயம், ஆனால் தனி ரிஜிஸ்டர் கிடையாது. அதிகம் விற்கும் மருந்துக்கு ரிஜிஸ்டர் இல்லை என்றால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்து மாநிலமான கேரளா 2024-இல் 'ஆபரேஷன் அம்ரித்' என்று தொடங்கி, சீட்டில்லாமல் ஆன்டிபயாடிக் கொடுக்கும் கடைகளைப் போய்ப் பிடிக்கிறார்கள். இங்கேயும் அப்படி வந்தால் ஒழுங்காக நடக்கும் கடைக்காரர்களுக்கு நல்லதுதான். நான் கொடுக்காததை எதிர்த் தெருவும் கொடுக்காது.

தேவையில்லாமல் ஆன்டிபயாடிக் சாப்பிடச் சாப்பிட, கிருமிகள் அதற்கு அடங்காமல் போகப் பழகிவிடும். சென்னைக்கு இது தூரத்து விஷயம் இல்லை. பெரும்பாலான ஆன்டிபயாடிக்குகளுக்கு அசையாத, என்டிஎம்-1 என்ற நொதி கொண்ட கிருமிகளைப் பற்றி 2010-இல் 'லான்செட் இன்ஃபெக்சியஸ் டிசீசஸ்' இதழில் வந்த கட்டுரையில் சென்னையிலிருந்து எடுத்த மாதிரிகள் 44. அதன் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர். இரண்டு வருஷம் கழித்து, 2012-இல், டாக்டர்கள் கூடி ஆன்டிபயாடிக் பயன்பாட்டுக்கு ஒரு வழிகாட்டித் திட்டம் போட்டதும் இந்த ஊரில்தான், 'சென்னைப் பிரகடனம்' என்றே அதற்குப் பெயர். இந்தியா முழுக்க 2019-இல் மருந்துக்கு அடங்காத கிருமிகளால் நேரடியாக நேர்ந்த சாவு சுமார் 2.97 லட்சம் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள்.

அடங்காத கிருமிக்குப் புது மருந்து வேண்டும். ஆனால் புது ஆன்டிபயாடிக் செய்கிற கம்பெனி பிழைக்க முடியவில்லை. சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரை என்றால் ஒருவர் ஆயுசு முழுக்க வாங்குவார், என் கடை ஓடுவதே அந்த மாதாந்திர வாடிக்கையாளர்களால்தான். ஆன்டிபயாடிக் ஐந்து நாள், ஏழு நாள். அதிலும் புதிதாக வருவதை, மற்றது எதுவும் கேட்காதபோதுதான் எடுக்க வேண்டும் என்று டாக்டர்கள் பூட்டி வைப்பார்கள். அப்படித்தான் வைக்கவும் வேண்டும். கோடிக்கணக்கில் செலவழித்துச் செய்த சரக்கை விற்காமல் வைத்திருப்பதுதான் நல்லது என்றால் கம்பெனி எதை வைத்து நடக்கும்? அமெரிக்காவில் அகாஜென் என்ற கம்பெனி, பிளாசோமைசின் என்ற மருந்துக்கு 2018 ஜூனில் அனுமதி வாங்கி, ஒரு வருஷம்கூட ஆகாமல் 2019 ஏப்ரலில் திவால் மனு போட்டது. நோவார்ட்டிஸ், சனோஃபி மாதிரி பெரிய கம்பெனிகளே 2018-இல் இந்த ஆராய்ச்சியிலிருந்து விலகிக்கொண்டன.

நம் ஊர்க் கதை ஒன்றும் இருக்கிறது, அதைச் சொல்லும்போது எனக்குப் பெருமையாகவே இருக்கும். மருந்தை எதிர்க்கும் கிருமியின் ஆயுதத்தை முடக்கும் என்மெட்டாசோபாக்டம் என்ற மூலக்கூறைக் கண்டுபிடித்தது சென்னையைச் சேர்ந்த ஆர்க்கிட் பார்மா. அதை மேலே கொண்டுபோகும் உரிமையை ஐரோப்பாவில் அலெக்ரா என்ற சிறு கம்பெனிக்குக் கொடுத்தார்கள். நடுவில் ஆர்க்கிட் கடன் சுமையால் 2017-இல் திவால் நடவடிக்கைக்குள் போய், 2020-இல் வேறு கை மாறியது. மருந்து பிழைத்துக்கொண்டது. செஃபெபிம் என்ற ஆன்டிபயாடிக்கோடு சேர்த்து 2024 பிப்ரவரியில் அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்டிஏ அனுமதி கொடுத்தது, சிக்கலான சிறுநீர்த் தொற்றுக்காக.

இங்கிலாந்தில் 2022-இல் ஒரு வழி செய்து பார்த்தார்கள். எத்தனை பாட்டில் விற்றது என்று பார்க்காமல், இரண்டு புது ஆன்டிபயாடிக்குகளுக்கு வருஷத்துக்கு இவ்வளவு என்று அரசு நிலையாகக் கொடுத்தது, ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் 1 கோடி பவுண்டு. தீயணைப்பு நிலையத்துக்கு எத்தனை தீ அணைத்தாய் என்று எண்ணிக் காசு கொடுப்பதில்லை, அது மாதிரி. விற்பனை கூடினால்தான் லாபம் என்கிற முடிச்சு அவிழ்ந்துவிடுகிறது. எனக்கு இது சரியான வழியாகப் படுகிறது. புது மருந்துக்கு மட்டும் போதாது, பழைய மருந்துக்கும் வேண்டும் என்பதுதான் நான் கூடுதலாகச் சொல்வது.

ஏனென்றால் என் கடையில் உண்மையில் வலிக்கிற பிரச்சினை புது மருந்து கிடைக்காதது இல்லை. பழைய பென்சிலின் கிடைக்காதது.

எங்கள் பகுதியில் பதினாறு வயதுப் பெண் ஒருத்திக்குச் சின்ன வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் இதய வால்வு பழுதாகியிருக்கிறது. இருபத்தோரு நாளுக்கு ஒரு முறை பென்சத்தீன் பென்சிலின் ஊசி, 12 லட்சம் யூனிட், போட்டாக வேண்டும். தவறினால் காய்ச்சல் திரும்பி வந்து வால்வு இன்னும் கெடும். ஊசி மருந்தின் விலை மிகக் குறைவு, அதனால்தான் செய்ய ஆள் இல்லை. தனித் தூய்மையோடு தனிக் கூடத்தில் செய்ய வேண்டிய பொருள், லாபமோ சில்லறை, இதற்கு நடுவில் மூலப்பொருள் விலை வேறு. அந்த மூலப்பொருளான பென்சிலின் ஜி ஒரு காலத்தில் நாமே செய்ததுதான், 1954-இல் பிம்ப்ரியில் இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் தொடங்கியதே அதற்காக. 1990-களில் சீனாவிலிருந்து மலிவாக வரத் தொடங்கியதும் இங்கே ஆலைகள் நின்றுபோயின. இப்போது மத்திய அரசின் ஊக்கத்தொகைத் திட்டத்தில் காக்கிநாடாவில் ஒரு பெரிய ஆலை 2024-இல் உற்பத்தி தொடங்கியிருக்கிறது. அதே வருஷம் அக்டோபரில், மருந்து விலையைக் கட்டுப்படுத்துவதையே வேலையாகக் கொண்ட விலை ஆணையம், பென்சைல் பென்சிலின் (பென்சிலின் ஜி) ஊசி உள்படச் சில பழைய மருந்துகளின் உச்சவிலையை 50% ஏற்றியது, கட்டுப்படியாகவில்லை என்று கம்பெனிகள் நிறுத்தப் பார்த்ததால். நான் அதை வரவேற்றேன். பத்து ரூபாய் ஏறினாலும் பரவாயில்லை, கிடைக்காத மருந்துக்கு விலை என்று ஒன்று இல்லவே இல்லை.

அந்தப் பெண்ணின் அண்ணன் முதல் முறை வந்தபோது ஏழு கடை ஏறி இறங்கியிருந்தார். "எல்லாரும் அந்த பேரையே கேள்விப்பட்டதில்லங்கறாங்கக்கா." பாரிமுனையில் எனக்குத் தெரிந்த மொத்தக் கடைகளுக்குப் போன் போட்டேன். மூன்றாவது கடையில் நான்கு வயல், அதாவது ஊசி மருந்துக் குப்பி, இருந்தது. நான்கையும் எடுக்கலாமா என்று யோசித்தேன், அப்புறம் இரண்டு போதும் என்றேன், வேறு யாராவது இதே ஊசியைத் தேடி அலைந்துகொண்டிருப்பார்கள் இல்லையா.

மாநில அரசின் மருத்துவ சேவைக் கழகம் மொத்தமாக வாங்குகிறது, அது இதை ஐந்து வருஷத்துக்கு இத்தனை லட்சம் வயல் என்று முன்கூட்டியே உறுதி கொடுத்து வாங்கினால், செய்கிற கம்பெனிக்குத் தைரியம் வரும், முதல்வர் மருந்தகங்களிலும் வைக்க முடியும். நான் பார்க்கிற அதிகாரிகளிடம் இதைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

நீங்கள் வாங்க வரும்போது சீட்டைக் கொண்டு வாருங்கள், எழுதிய நாள் கணக்குக்கு முழுசாக வாங்குங்கள், பில் கேளுங்கள், வெட்டித் தருவதானால் தேதியும் பேட்ச் நம்பரும் இருக்கிற துண்டைக் கேட்டு வாங்குங்கள். வீட்டில் மிச்சம் இருப்பதை அடுத்த வீட்டுப் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள். டாக்டரிடம், இது கட்டாயம் வேண்டுமா என்று ஒரு வார்த்தை கேட்கலாம், நல்ல டாக்டர் கோபப்பட மாட்டார்.

கடைச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரில் ஒவ்வொரு இருபத்தோராவது நாளிலும் பேனாவால் ஒரு வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். அடுத்த வட்டத்துக்கு ஒன்பது நாள் இருக்கிறது. பிரிட்ஜில் ஒரு வயல் இருக்கிறது, அதற்கு அடுத்ததற்கு இன்று காலையே பாரிமுனைக்குச் சொல்லிவிட்டேன்.