பிளாத்தோ: விருந்து மேசையின் ஆடித்தட்டம்

பிளாத்தோ என்பது நீண்ட விருந்து மேசையின் நடுவே வைக்கும், முகம் பார்க்கும் கண்ணாடி பதித்த தாழ்வான அலங்காரத் தட்டு. வெள்ளியிலோ பொன்முலாம் பூசிய வெண்கலத்திலோ விளிம்பு கட்டி, மேலே பூக்கூடை, மெழுகுவத்தித் தண்டு, சிறு சிலைகள் என்று வைப்பார்கள்.

சொல் பிரெஞ்சு. 'பிளா' என்றால் தட்டை. அதிலிருந்து பிறந்த பிளாத்தோவுக்குத் தட்டு, தாம்பாளம் என்று பொருள். உச்சி தட்டையான மேட்டு நிலத்துக்கும் அதே பெயர் என்பதால், அகராதியில் 'பீடபூமி' என்றுதான் முதலில் கிடைக்கும். விருந்து பற்றிய பத்தியில் அதைப் போட்டால் பொருளே கெட்டுவிடும். மேசை நடு அலங்காரத்துக்குப் பிரெஞ்சில் 'சுர்த்தூ' என்றும் ஒரு சொல் உண்டு. 'எல்லாவற்றுக்கும் மேலே' என்பது அதன் நேர்ப்பொருள்.

கண்ணாடி எதற்கு? மின்விளக்கு இல்லாத காலம் அது. மெழுகுவத்திச் சுடர் கீழிருந்தும் தெறித்து, வெள்ளிப் பாத்திரங்களிலும் எதிரே இருப்பவர் முகத்திலும் ஒளி கூடும். தட்டு தாழ்வாக இருப்பதால் பேச்சுக்கும் மறைப்பில்லை. அழகும் பயனும் இவ்வளவு இயல்பாகச் சேர்ந்த மேசைப் பொருள் அரிது.

1789இல் ஜார்ஜ் வாஷிங்டன், பாரிசில் இருந்த அமெரிக்க அரசியல் தலைவர் கவர்னர் மோரிசுக்கு எழுதி இப்படியொன்றை வரவழைத்தார். நேர்த்தியாக இருக்கட்டும், விலை அதிகம் வேண்டாம் என்பது அவர் விருப்பம். (கவர்னர் என்பது மோரிசின் பெயர்தான், பதவியல்ல.)

அதைவிடப் புகழ்பெற்றது வெள்ளை மாளிகையில் இருப்பது. 1814இல் பிரிட்டிஷ் படை மாளிகைக்குத் தீ வைத்ததில் உள்ளிருந்த பொருள்கள் பெரும்பாலும் அழிந்தன. அப்புறம் அதிபரான ஜேம்ஸ் மன்றோ, 1817இல் பிரான்சிலிருந்து வாங்கிய பொருள்களில் இதுவும் ஒன்று. தெனியேர், மாத்தலான் என்ற பாரிஸ் கலைஞர்களின் வேலை. பொன்முலாம் பூசிய வெண்கலம், விளிம்பில் கொடியும் பழங்களும், சுற்றிலும் வளையம் ஏந்தி நிற்கும் பெண் உருவங்கள். மொத்தம் 7 துண்டுகள். முழுக்க நீட்டினால் ஏறத்தாழ 14½ அடி. மேசையின் நீளத்துக்கேற்பத் துண்டுகளைக் கூட்டலாம், குறைக்கலாம். அரசு விருந்து மண்டபத்தில் இன்றும் அதை வைக்கிறார்கள்.

சரி, தமிழில்? 'கண்ணாடித் தட்டு' என்றால் சாப்பிடும் கண்ணாடிப் பாத்திரமாகிவிடும். 'ஆடித்தட்டம்' என்பதே என் தேர்வு. குழியாடி, குவியாடி என்று பள்ளி இயற்பியலில் படித்தவர்களுக்கு 'ஆடி' புதிதல்ல. வெற்றிலைத் தட்டம் அறிந்தவர்களுக்குத் 'தட்டம்' புதிதல்ல. சுர்த்தூவை மட்டும் 'மேசை நடு அலங்காரம்' என்று தனியே வைத்துக்கொள்ளலாம். கண்ணாடி இல்லாத சுர்த்தூவும் உண்டு.