தட்டச்சர் பதவி: லோயர், ஹையர், அப்புறம் சி.ஓ.ஏ.

டி.என்.பி.எஸ்.சி. (தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம்) குரூப் 4 அறிவிக்கை வந்தவுடன் ஊர் ஊருக்குத் தட்டச்சு இன்ஸ்டிடியூட்டுகளில் கூட்டம் சேரும். அந்தத் தேர்வுக்காகத்தான் சேர்கிறார்கள் என்றால் பலனில்லை. தட்டச்சர் பதவிக்குக் கேட்கும் தட்டச்சுத் தகுதி, அறிவிக்கை வெளியான தேதியன்றே உங்களிடம் இருக்க வேண்டும் என்பது டி.என்.பி.எஸ்.சி.யின் விதி. தேர்வு எழுதிவிட்டேன், முடிவுதான் வரவில்லை என்பது செல்லாது. ஆகவே இதை அடுத்த அறிவிக்கைக்கான வேலை என்று எடுத்துக்கொண்டு இப்போதே தொடங்குவதுதான் சரி.

முதலில் பதவியைப் பார்ப்போம். இளநிலை உதவியாளர், கிராம நிர்வாக அலுவலர், தட்டச்சர், சுருக்கெழுத்துத் தட்டச்சர் எல்லாவற்றுக்கும் குரூப் 4 என்ற ஒரே எழுத்துத் தேர்வுதான். 200 கேள்விகள், 300 மதிப்பெண். கல்வித் தகுதி பத்தாம் வகுப்பு. தட்டச்சருக்குக் கூடுதலாக அரசு தொழில்நுட்பத் தேர்வில் தட்டச்சுத் தேர்ச்சி வேண்டும். அதனால் இந்தப் பதவிக்குப் போட்டியிடும் கூட்டம் தானாகவே சுருங்குகிறது. தொடக்கச் சம்பளம் இளநிலை உதவியாளருக்கு உள்ள அதே 19,500 ரூபாய் நிலைதான். சுருக்கெழுத்துத் தட்டச்சருக்கு 20,600.

எந்தத் தேர்ச்சி என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஜூனியர் கிரேடை லோயர் என்றும் சீனியர் கிரேடை ஹையர் என்றும் சொல்வது வழக்கம். தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் ஹையர் முடித்தவர்களுக்கே முதல் இடம். அவர்கள் கிடைக்காத இடங்களுக்குத்தான் தமிழில் ஹையர், ஆங்கிலத்தில் லோயர் முடித்தவர்களையும், ஆங்கிலத்தில் ஹையர், தமிழில் லோயர் முடித்தவர்களையும் பார்ப்பார்கள். ஒரே ஒரு மொழியில் ஹையர் முடித்துவிட்டு இன்னொன்றைத் தொடாமல் விட்டவர் தட்டச்சர் பதவிக்குத் தகுதி பெறமாட்டார். இரண்டும் லோயர் என்றாலும் அதே கதைதான். என்னைக் கேட்டால், இரண்டிலும் ஹையர் என்று முடிவு செய்துகொண்டுதான் இன்ஸ்டிடியூட் படியேற வேண்டும்.

இந்தத் தட்டச்சுத் தேர்வுகளை நடத்துவது தொழில்நுட்பக் கல்வி இயக்ககம். வழக்கமாகப் பிப்ரவரியிலும் ஆகஸ்டிலுமாக ஆண்டுக்கு இருமுறை நடக்கும். லோயருக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். லோயர் முடித்தபின் ஹையர். எதாவது ஒரு பட்டம் பெற்றவர்கள் லோயரைத் தாண்டி நேரடியாகவே ஹையர் எழுதலாம். இந்தச் சலுகை தெரியாமல் பட்டதாரிகள் ஒரு பருவத்தை வீணாக்குவது உண்டு. விரல் பழகியிருக்கிறதா என்பது வேறு விஷயம். பழகாத கையோடு நேரே ஹையர் எழுதப் போய்த் திணறுகிறவர்களும் இருக்கிறார்கள்.

தேர்வில் இரண்டு தாள்கள். முதலாவது வேகத் தாள், எல்லாரும் ஸ்பீடு என்பது இதைத்தான். ஐந்து தட்டுகள் சேர்ந்தால் ஒரு வார்த்தை என்று கணக்கு, இடைவெளியும் ஒரு தட்டுதான். ஆங்கில லோயருக்கு நிமிடத்துக்கு 30 வார்த்தை, அதாவது பத்து நிமிடத்தில் 1,500 தட்டுகள். ஹையருக்கு 45 வார்த்தை, 2,250 தட்டுகள். கொடுத்த பத்தியை அந்தப் பத்து நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும், பிழைகளுக்கு மதிப்பெண் குறையும். விசையைப் பார்த்து இரண்டு விரலால் அடிப்பவர் கொஞ்ச தூரம் வரை சமாளிக்கலாம். ஆனால் கண் தாளுக்கும் விசைக்கும் ஓடிக்கொண்டே இருந்தால் 45 என்பது எட்டாது. அதனால்தான் முதல் நாளே ஏ-எஸ்-டி-எஃப்-ஜி-எஃப் என்று இடது கைக்கும், செமிகோலன்-எல்-கே-ஜே-ஹெச்-ஜே என்று வலது கைக்கும் பக்கம் பக்கமாக அடிக்க வைக்கிறார்கள். சலிப்பாகத்தான் இருக்கும். சுண்டுவிரலும் மோதிர விரலும் மற்ற விரல்களின் பலத்துக்கு வருவதற்கு வேறு வழியில்லை.

இரண்டாவது தாளில் கடிதமும் ஸ்டேட்மென்ட்டும் வரும். அலுவலக வேலைக்கு உண்மையில் பயன்படுவது இதுதான். யாரிடமிருந்து, யாருக்கு, பொருள், பார்வை, எண், நாள் எல்லாம் எந்த இடத்தில் வரவேண்டும், ஓரம் எவ்வளவு விட வேண்டும் என்பது இங்கே கைவந்துவிடும். ஸ்டேட்மென்ட் என்பது அட்டவணை. ஒவ்வொரு நெடும்பத்தியிலும் (காலம்) மிக நீளமான சொல்லின் எழுத்துகளை எண்ணி, தாளின் அகலத்திலிருந்து கழித்து, மிச்சத்தைப் பங்கிட்டு, ஒவ்வொன்றும் தொடங்கும் இடத்தில் டேப் நிறுத்தம் வைக்க வேண்டும். மனக்கணக்கில் சுணங்கினால் நேரம் பறந்துவிடும். வேகத் தாளை மட்டுமே பழகிவிட்டு இதில் கோட்டை விடுகிறவர்கள் நிறையப் பேர்.

பல்லாண்டுகளாகத் தேர்வு நடப்பது தட்டச்சு இயந்திரத்தில். தேர்வு நாளில் இன்ஸ்டிடியூட்டின் இயந்திரங்களையே வண்டியில் ஏற்றி மையத்துக்குக் கொண்டுபோவார்கள். கணினிக்கு மாற்றும் பேச்சு அவ்வப்போது எழும், எனவே நீங்கள் விண்ணப்பிக்கும் பருவத்தின் அறிவிப்பைத் தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் இணையதளத்தில் படித்துவிடுங்கள். இயந்திரத்தில் பழகியவர் கணினிக்கு வரும்போது ஒன்றிரண்டு பழக்கங்களை விட வேண்டியிருக்கும். வரி முடியப்போகிறது என்று மணி அடித்ததும் நெம்புகோலைத் தள்ளி அடுத்த வரிக்குப் போவது இயந்திரத்தின் வழக்கம். கணினியில் வரி தானே மடங்கும். ஒவ்வொரு வரி முடிவிலும் என்டர் தட்டினால், அப்புறம் ஒரு சொல்லைத் திருத்தும்போது கடிதம் முழுவதும் குலைந்துபோகும். நெடும்பத்திகளை இடைவெளி விசையால் தள்ளித் தள்ளி நேராக்குவதும் அப்படித்தான்.

இந்தக் கணினிப் பக்கத்துக்குத்தான் சி.ஓ.ஏ., அதாவது அலுவலகத் தானியக்கம் குறித்த கணினிச் சான்றிதழ். இதையும் தொழில்நுட்பக் கல்வித் துறைதான் வழங்குகிறது. ஆவணம் தயாரிப்பது, கணக்குத் தாள், இணையம் என்று அன்றாட அலுவலக வேலைகளே பாடம், எழுத்துத் தேர்வோடு செய்முறையும் உண்டு. தட்டச்சர் பதவிக்கு விண்ணப்பிக்கும்போது இது இல்லாவிட்டாலும் விண்ணப்பிக்கலாம், ஆனால் வேலையில் சேர்ந்தபின் வரும் தகுதிகாண் பருவத்துக்குள் முடித்தாக வேண்டும். தெருமுனைக் கணினி மையத்தில் வாங்கிய ஆறு மாத டிப்ளமோவை நீட்டி இதற்குப் பதில் என்று சொல்ல முடியாது. பெயரைப் பார்த்து ஏமாந்துவிடாமல், சேரும்முன்பே சான்றிதழில் யார் கையெழுத்து வரும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

தமிழுக்கு இன்னொரு குறிப்பு. தட்டச்சு இயந்திரத்தில் கொம்பை முதலில் அடித்துவிட்டு எழுத்தை அடிக்கிறோம், கண் பார்க்கும் வரிசையில். ‘கொ’ என்றால் கொம்பு, க, கால். தமிழ் 99 விசைப்பலகையில் க, அடுத்து ஒ, அவ்வளவுதான். கணினியில் யூனிகோடில் அடிக்கும்போது பழைய தட்டச்சு அமைப்பையும் தேர்ந்தெடுக்கலாம், தமிழ் 99-க்கும் போகலாம். அரசுத் தேர்வு முடியும்வரை இரண்டையும் கலந்து பழகுவதை நான் பரிந்துரைக்கமாட்டேன், விரல் குழம்பும். வீட்டுக் கணினியில் பழைய தட்டச்சு அமைப்பை வைத்துக்கொண்டு ஹையர் வரை பழகிவிட்டு, வேலைக்குப் போனபின் தேவைப்பட்டால் மற்றதைக் கற்கலாம்.