அயர்லாந்தில் சம்பளம் போடும் நாளிலேயே வரிக் கணக்கு

இந்தியாவில் படிவம் 16 வாங்கிப் பழகியவர் அயர்லாந்தில் வேலைக்குச் சேர்ந்தால், வருட முடிவில் கம்பெனி அப்படி ஏதாவது தருமா என்று கேட்பார். தராது. பி60 என்ற பெயரில் அங்கேயும் ஒரு சான்றிதழ் இருந்தது. 2018-க்கான பி60-தான் கடைசி. 2019 ஜனவரி 1 முதல் சம்பள வரியைத் தெரிவிக்கும் முறையே மாறிவிட்டது.

சம்பளத்திலேயே வரி பிடிக்கும் பி.ஏ.ஒய்.இ. முறை அங்கே 1960-இல் வந்தது. கம்பெனிகள் மாதாமாதம் பி30 படிவத்தில் மொத்தத் தொகையை மட்டும் சொல்லிப் பணம் கட்டின. யாருக்கு எவ்வளவு சம்பளம், யாரிடம் எவ்வளவு பிடித்தார்கள் என்ற விவரம் வருடம் முடிந்த பிறகு பி35 கணக்கில்தான் போகும். அதாவது, ஜனவரியில் நடந்த பிழை அடுத்த வருடம் பிப்ரவரி வாக்கில்தான் வரித் துறையின் கண்ணில் படும். அதற்குள் ஊழியர் வேறு வேலைக்குப் போயிருப்பார், பாக்கி மட்டும் அவர் பின்னாலேயே வரும்.

இதை மாற்ற வரித் துறை 2016 அக்டோபரில் பொதுக் கருத்துக் கேட்பைத் தொடங்கியது. கம்பெனிகளோடு சம்பள மென்பொருள் தயாரிப்பவர்களையும் அப்போதே பேச்சுக்குள் கொண்டுவந்தார்கள். சட்டம் 2017-இல் வந்தது. மென்பொருள்காரர்களுக்குத் தொழில்நுட்ப விவரங்களும், ஒத்திகை பார்க்க ஒரு சோதனைத் தளமும் முன்கூட்டியே கிடைத்தன. 2018-இல் கம்பெனிகளிடம் ஊழியர் பட்டியலை வாங்கி, துறையின் பதிவோடு ஒப்பிட்டுச் சரிசெய்தார்கள். மாற்றம் பெரிய குழப்பமில்லாமல் நடந்ததற்கு இந்தப் பட்டியல் வேலையே முக்கியக் காரணம் என்பது என் எண்ணம். யார் எங்கே வேலை செய்கிறார் என்பதே தப்பாக இருந்தால், எவ்வளவு நல்ல மென்பொருளும் தப்பான கணக்கைத்தான் வேகமாக அனுப்பும்.

சரி, இப்போது எப்படி நடக்கிறது? சம்பளம் போடுவதற்கு முன், ஒவ்வொரு ஊழியருக்கும் உரிய ஆர்.பி.என். என்ற அறிவிப்பை மென்பொருள் வரித் துறையிலிருந்து எடுத்துக்கொள்கிறது. அவருக்கு எவ்வளவு வரிச்சலுகை, எந்தத் தொகைவரை 20 சதவீதம், எதற்கு மேல் 40 சதவீதம் என்பதெல்லாம் அதில் இருக்கும். கணக்குப் போட்டு, சம்பளம் கொடுக்கும் நாளிலோ அதற்கு முன்போ, சம்பளத்தையும் பிடித்தங்களையும் பெயர்வாரியாக அனுப்பிவிட வேண்டும். அடுத்த மாதம் 5-ஆம் தேதிக்குள் துறை ஒரு மாதத் தொகுப்பை அனுப்பும். 14-ஆம் தேதிவரை திருத்தலாம். அதன்பின் அதுவே கம்பெனி தாக்கல் செய்த கணக்காகிவிடும். இணையம் வழியே கட்டுபவர்களுக்குப் பணம் செலுத்த 23-ஆம் தேதிவரை நேரம் உண்டு. மென்பொருள் வாங்க வசதியில்லாத சின்ன முதலாளிகள் துறையின் தளத்திலேயே நேரடியாகத் தட்டச்சு செய்யலாம்.

இதில் புதிய வரி எதுவும் கிடையாது. விகிதமும் இதனால் மாறவில்லை. தகவல் போகும் நேரம்தான் மாறியது.

ஊழியர் கவனிக்க வேண்டிய இடம் முதல் சம்பளம். பி.பி.எஸ். எண் (அரசு ஒவ்வொருவருக்கும் தரும் அடையாள எண்) வாங்கி, வரித் துறையின் 'மைஅக்கவுண்ட்' தளத்தில் புது வேலையைப் பதிந்தால்தான் கம்பெனிக்கு ஆர்.பி.என். கிடைக்கும். அது இல்லையென்றால் 'அவசர வரி' பிடிப்பார்கள். பி.பி.எஸ். எண்ணே கொடுக்கவில்லை என்றால் முதல் சம்பளத்திலிருந்தே 40 சதவீதம். எண் கொடுத்து வேலையைப் பதியாமல் விட்டால், நான்கு வாரம் ஓரளவு தணிவாக இருக்கும். ஐந்தாவது வாரத்திலிருந்து அதே 40. யு.எஸ்.சி. என்ற இன்னொரு பிடித்தம் 8 சதவீதம் தனி. புதிதாகப் போகிறவர்கள் இதைப் பார்த்து ஆடிப்போவது சகஜம். பயப்பட வேண்டாம். பதிவு சரியானதும், கூடுதலாகப் பிடித்தது பெரும்பாலும் அடுத்த சம்பளத்தோடு திரும்பி வந்துவிடும்.

பி60 இடத்தில் இப்போது 'எம்ப்ளாய்மெண்ட் டீடெயில் சம்மரி' இருக்கிறது. வருட முடிவில் மைஅக்கவுண்ட்டில் நாமே இறக்கிக்கொள்ளலாம். கம்பெனி அனுப்பும் சம்பள விவரமும் அதே கணக்கில் அவ்வப்போது தெரியும். அதைச் சம்பளச் சீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பிடித்த வரியைக் கணக்கில் காட்டாத முதலாளியைப் பிடிக்க ஊழியர் கையில் இருக்கும் நல்ல வழி இதுதான்.

2020 மார்ச்சில் கொரோனாவுக்காக ஊதிய மானியம் அறிவித்தபோது இந்த ஏற்பாட்டின் பலன் தெரிந்தது. அந்த ஜனவரி, பிப்ரவரிச் சம்பள விவரம் ஏற்கெனவே துறையிடம் இருந்ததால், அதை வைத்தே யாருக்கு எவ்வளவு என்று கணக்கிட்டார்கள். 2024 ஜனவரி முதல், வரி இல்லாத சில தொகைகளையும் கொடுக்கும்போதே தெரிவிக்க வேண்டும்: பயணச் செலவு, வீட்டிலிருந்து வேலை செய்வதற்கான நாளொன்றுக்கு 3.20 யூரோ படி, சிறு பரிசுக் கூப்பன்கள் ஆகியவை. வரியே இல்லாததற்கு இவ்வளவு கணக்கா என்று சின்ன அலுவலகங்கள் அலுத்துக்கொண்டால் அதில் நியாயம் இருக்கிறது.

அப்புறம், வேலையை விடும்போது, முன்பு விலகுபவர்களுக்குக் கம்பெனி கொடுத்த பி45 சான்றிதழைக் கேட்காதீர்கள். அதுவும் போய்விட்டது. கடைசிச் சம்பளக் கணக்கில் கம்பெனி விலகிய தேதியைக் குறிக்க வேண்டும், அவ்வளவுதான். குறிக்காமல் விட்டால் உங்கள் வரிச்சலுகை பழைய வேலையிலேயே மாட்டிக்கொள்ளும், புது இடத்தில் வரி கூடுதலாகப் போகும். அதனால் கிளம்புவதற்கு முன்பே சம்பளப் பிரிவில் கேட்டு, தேதி போய்விட்டதா என்று மைஅக்கவுண்ட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.