குருத்துப்பூச்சி: வெண்கதிர் தெரிவதற்கு முன்பே வயலைப் பாருங்கள்

காவிரிப் பாசனப் பகுதியில் சம்பா, தாளடி நெற்பயிர்கள் கதிர் வாங்கும் நாட்களில், "வயலில் வெள்ளைக் கதிர் தெரிகிறது, எந்த மருந்து அடிக்கலாம்?" என்ற கேள்விதான் வேளாண் ஆலோசகனான என்னிடம் அதிகம் வருகிறது. வெளுத்துப்போன கதிரை எந்த மருந்தாலும் மீட்க முடியாது என்று விடை சொல்லும் ஒவ்வொரு முறையும் மனம் கனக்கிறது.

இந்த வெள்ளைக் கதிருக்குக் காரணமான மஞ்சள் குருத்துப்பூச்சி (அறிவியல் பெயர் சிர்போபேகா இன்செர்டுலாஸ்), தலையின் முன்னே மூக்குப்போல் நீண்ட உறுப்புகளைக் கொண்ட சிறிய அந்துப்பூச்சியாகும். பெண் பூச்சியின் வைக்கோல் நிற முன்னிறகுகள் ஒவ்வொன்றிலும் ஒரு கரும்புள்ளி இருக்கும். அது இலை நுனியருகே முட்டைகளைக் குவியலாக இட்டு, தன் வயிற்று நுனியிலுள்ள மயிர்களால் மூடிவிடுகிறது. ஏறத்தாழ ஒரு வாரத்தில் வெளிவரும் புழுக்கள், நூலிழையில் தொங்கிக் காற்றில் பக்கத்துத் தூர்களுக்குப் பரவி, இலையுறைக்குள் நுழைந்து தண்டைத் துளைக்கின்றன. அதன் பிறகு தெளிக்கும் மருந்து அவற்றை எளிதில் எட்டுவதில்லை.

தூர் கட்டும் பருவத்தில் தாக்கினால் நடுக்குருத்து காய்ந்து, இழுத்தவுடன் கையோடு வந்துவிடும். ஆனாலும் பயிர் புதுத் தூர்களை விட்டு இழப்பில் ஒரு பகுதியை ஈடுசெய்துகொள்ளும். கதிர்ப்பருவத் தாக்குதலுக்கு அத்தகைய ஈடு இல்லை. அதில் வரும் வெண்கதிர்கள் முழுவதும் பதரே.

ஆகவே பார்க்க வேண்டியது முட்டையைத்தான். சதுர மீட்டருக்கு 2 முட்டைக்குவியல்களோ, 10 விழுக்காடு காய்ந்த குருத்துகளோ தென்பட்டால் நடவடிக்கை தேவை. நடவுக்கு முன் நாற்றின் நுனியைக் கிள்ளிவிட்டால், நாற்றங்காலில் இட்ட முட்டைகள் வயலுக்கு வராமலே போகும். செலவே இல்லாத இந்த வேலையைப் பலரும் கைவிட்டது எனக்குப் பெரும் வருத்தம். நட்ட 30, 37 ஆம் நாட்களில் ஹெக்டேருக்கு 5 சி.சி. (கன சென்டிமீட்டர்) வீதம் டிரைக்கோகிரம்மா ஜப்போனிக்கம் என்னும் முட்டை ஒட்டுண்ணியின் (பூச்சிகளின் முட்டைக்குள் தன் முட்டையை இட்டு அவற்றை அழிக்கும் மிகச் சிறிய குளவி) அட்டைகளைக் கட்டலாம். அந்த ஒட்டுண்ணியை ஆய்வகங்களில் வளர்ப்பது அரிசி அந்துப்பூச்சியின் முட்டைகளில்தான். அந்த அரிசி அந்துப்பூச்சியும் குருத்துப்பூச்சியைப் போலவே மூக்கு அந்துப்பூச்சி இனத்தின் உறவு என்பது எனக்கு இன்றும் வியப்பு. அட்டை கட்டிய நாட்களில் பூச்சிக்கொல்லி தெளித்தால் ஒட்டுண்ணிகளும் மடிந்துவிடும்.

தழைச்சத்தை ஒரே முறையில் அள்ளிப் போடாமல் பிரித்து இடுங்கள். அறுவடைக்குப் பின் தாள்களின் அடித்தண்டில் புழுக்களும் கூட்டுப்புழுக்களும் தங்கியிருக்கும் என்பதால், அறுவடை முடிந்ததும் தாமதிக்காமல் அவற்றை மடக்கி உழுதுவிடுங்கள்.