காதுக்குக் கீழ இருக்கிற அந்த மூலை

போன கிழமை ஏறாவூர்ப் பக்கத்தால ஒரு அம்மா எட்டு வயசு மகனைக் கூட்டிக்கொண்டு வந்தா, "டொக்டர், இவன்ட முன்பல்லு மேலும் கீழும் முட்டுதில்ல, கிளிப் போடுவமா?" எண்டு. நான் பல்லைப் பார்க்க முதல் காதுக்குக் கீழ கைய வைச்சன். "அங்க நோவு ஒண்டும் இல்ல டொக்டர்" எண்டா அவசரமா.

காதடியால இறங்கி வாற கீழ்த்தாடை எலும்பு நாடிப் பக்கம் திரும்புற மூலைதான் தாடைக் கோணம். பிறந்த புள்ளைக்கு அது நல்லா விரிஞ்சு கிடக்கும், மறுகா பல்லு முளைச்சு, சப்பிப் பழகி, எலும்பும் வளர வளர மடங்கிக்கொண்டே வந்து பெரியாக்களுக்கு கிட்டத்தட்ட 120, 130 பாகையில நிக்கும். சிலருக்கு அவ்வளவு மடங்காது, அப்ப நாடி முன்னுக்கு வராம கீழுக்கும் பின்னுக்கும் சுழண்டு வளர்ந்து முகம் நீண்டுரும், உதடு மூடுறதே பாடு. கூட மடங்கினா முகம் கட்டையா, சதுரமா வரும், மேல்பல்லு கீழ்ப்பல்ல மூடிரும்.

பல்லுப் பார்க்கிற கண்ணாடிட காம்பை தாடைட அடி விளிம்போட ஒட்டிப் பிடிச்சன். அந்தக் கோடும் காதுத் துவாரத்தால கண்ணுக்குக் கீழ போற கோடும் பின்னந்தலையில சந்திச்சா சாதாரணம், இவனுக்கு காதைத் தாண்டின கையோட சந்திச்சிட்டு, எண்டா தாடை கீழுக்குச் சுழண்டு வளருது. சரியா அளக்கிறதெண்டா பக்கவாட்டு எக்ஸ்றே வேணும், ஆனா எல்லாப் புள்ளைக்கும் அது தேவையில்ல.

"ராவைக்கு வாய் திறந்தா படுக்கிறவன்?"

"ஓம் டொக்டர், தலகணியெல்லாம் நனைஞ்சிரும், குறட்டை வேற."

மூக்குக்குப் பின்னால இருக்கிற அடினொயிட் எண்ட சதை வீங்கி மூச்சு அடைச்சா வாய் திறந்தே இருக்கும், நாக்கு கீழ கிடக்கும், வருசக்கணக்கா அப்பிடியே போனா தாடை வளர்ற திசையும் மாறலாம். அதுக்காக எல்லாத்தையும் மூக்குல போடவும் ஏலாது, பாதிக்கு மேல பரம்பரை எண்டுதான் நான் நினைக்கிறன், அம்மாட முகமும் நீளம்தான்.

கிளிப்புக்கு முதல் காது மூக்கு தொண்டை டொக்டருக்கு துண்டு எழுதினன். "பல்லுக்கு வந்தா மூக்குக்கு அனுப்புறீங்க" எண்டு முகம் சுளிச்சா. பொம்புளப் புள்ளையள் 10, 12 வயசிலயும் பொடியன்மார் அதுக்கு ஒண்டு ரெண்டு வருசம் பிந்தியும் மளமளவெண்டு வளருவாங்க, அதுக்கு முதல், ஏழு எட்டு வயசில காட்டினாத்தான் எங்களுக்கும் ஏதாவது செய்ய இடமிருக்கு. போன்ல பார்த்திட்டு தாடை கூராகும் எண்டு நாள் முழுக்க சுவிங்கம் சப்புற பெரிய பொடியன்மாரும் வாறாங்க, சப்புற தசை கொஞ்சம் தடிக்கும், தாடை மூட்டு நோகும், எலும்பு மூலை அசையாது.

அம்மா வெளிக்கிடக்குள்ள பார்த்தா கதவடியில நிண்ட தங்கச்சியும் வாய் திறந்தபடி. அவவையும் அடுத்த முறை கூட்டி வாங்க எண்டன்.