சூடு பண்ணித்தானே சாப்பிட்டேன் டாக்டர்?

ராத்திரி வைத்த சோறு, மூடிய பாத்திரத்தில் அடுப்பு மேடையிலேயே விடிய விடிய இருந்திருக்கிறது. காலையில் அதையே டப்பாவில் அடைத்து ஆபீஸுக்குக் கொண்டுபோய், மதியம் மைக்ரோவேவில் ஆவி பறக்கச் சூடாக்கிச் சாப்பிட்டாயிற்று. இரண்டு மணி நேரத்தில் குடலே வெளியே வந்துவிடும் போல வாந்தி. தனியாகச் சமைத்துச் சாப்பிடும் இளைஞர்கள் மாற்றி மாற்றி இதே கதையோடு வருகிறார்கள். எல்லாரும் சொல்லிவைத்தாற்போல் ஒன்றைத்தான் கேட்கிறார்கள்: "நல்லா சூடு பண்ணித்தானே சாப்பிட்டேன் டாக்டர்?"

சூடு பண்ணினீர்கள், சரி. அதற்குள் காரியம் முடிந்துவிட்டது.

பேசில்லஸ் சீரியஸ் என்றொரு பாக்டீரியா. மண்ணில் இருப்பது, அரிசியோடு வீட்டுக்கு வருகிறது. அரிசியை எத்தனை தண்ணீரில் களைந்தாலும் முழுக்கப் போகாது. கொதிக்கும் உலையிலும் அதன் வித்துகள் (கெட்டி உறைக்குள் உறங்கும் கிருமி) தாக்குப்பிடிக்கும். சோறு வெதுவெதுப்பாக ஆறும்போது அவை முளைத்துப் பெருகி, செரியூலைடு என்ற நஞ்சைச் சோற்றிலேயே விட்டுவைக்கும். அந்த நஞ்சு 121 டிகிரி செல்சியஸில் 90 நிமிடம் வைத்தாலும் சிதையாது. உங்கள் மைக்ரோவேவில் சோறு 100 டிகிரியைத் தொட்டாலே பெரிது. சூட்டில் கிருமி சாகலாம். அது கக்கிய நஞ்சு அப்படியேதான் இருக்கும். முகர்ந்து பார்த்தும் பயனில்லை. வாடையோ பிசுபிசுப்போ வருவதற்கு முன்பே நஞ்சு சேர்ந்திருக்கலாம். "ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுங்க" என்கிறார்கள். நஞ்சை அது என்ன செய்யும்? (மருத்துவச் சான்றிதழில் 'வெளிச் சாப்பாடு' என்று போடச் சொல்கிறவர்களும் உண்டு. போட மாட்டேன்.)

வாந்தி பெரும்பாலும் 1 முதல் 6 மணி நேரத்துக்குள் தொடங்கும். வயிற்றுவலியும் பேதியுமாக 6 முதல் 15 மணி நேரம் கழித்து வருவது இதே கிருமியின் இன்னொரு வகை. சோறு மட்டுமல்ல, பாஸ்தா, நூடுல்ஸ், வேகவைத்த உருளைக்கிழங்கு எல்லாவற்றுக்கும் இந்தக் கிருமியின் கதை பொருந்தும்.

முதலில் அளந்து போடுங்கள். ஒருவருக்கு ஒருவேளைக்கு 75 கிராம் அரிசி போதும். 240 மில்லி கப்பில் அரைக்கும் சற்றுக் குறைவு. கண்மதிப்பில் கொட்டுவதால்தான் இத்தனை சோறு மிஞ்சுகிறது.

மிஞ்சினால் பாத்திரத்தோடு விடாதீர்கள். அகலமான தட்டில் இரண்டு விரல் கனத்துக்கு மேல் போகாமல் பரப்பி, ஆறியதும் மூடி, ஒரு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வையுங்கள். முழுக்கச் சில்லிட வேண்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. இளஞ்சூட்டில் வைத்தால் ஃபிரிட்ஜ் ஒன்றும் கெட்டுவிடாது. உள்ளே 5 டிகிரிக்குக் கீழே இருக்கட்டும். மறுநாளைக்குள் சாப்பிட்டு முடியுங்கள், ஒரே ஒரு முறைதான் சூடாக்கலாம். மிச்சத்தை மறுபடி உள்ளே வைக்கவே கூடாது. எலெக்ட்ரிக் குக்கரில் 'வார்ம்' ஓடி, சோறு 60 டிகிரிக்கு மேல் இருக்கும்வரை கவலையில்லை. கரண்ட் பில்லுக்குப் பயந்து பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் போனால், கிருமிக்கு நீங்களே அடைகாத்துக் கொடுக்கிறீர்கள்.

இதோடு ராஜ்மாவையும் சொல்லிவிடுகிறேன், 'புரோட்டீன்' என்று அரைவேக்காட்டில் தின்றுவிட்டு வருகிறவர்களுக்காக. ஐந்து மணி நேரமாவது ஊறவையுங்கள், அந்தத் தண்ணீரைக் கொட்டுங்கள், புதுத் தண்ணீரில் தளதளவென்று கொதிக்கவிடுங்கள். பத்து நிமிடம் கட்டாயம். அரைமணி என்றால் இன்னும் நிம்மதி. கொதி வராத ஸ்லோ குக்கரில் நேரடியாகப் போட்டால் அதிலுள்ள லெக்டின் நஞ்சு பச்சைக்கொட்டையில் இருப்பதைவிட வீரியமாகலாம்.

வாந்தி தொடங்கிவிட்டால் ஓஆர்எஸ் பொட்டலத்தை அதன்மேல் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுதாகக் கரையுங்கள். பாதிப் பொட்டலம், ஒரு டம்ளர் தண்ணீர் என்று கைக்கணக்கு வேண்டாம். மடமடவென்று குடிக்காமல் வாய்வாயாக உறிஞ்சுங்கள். வாந்தி வந்தால் பத்து நிமிடம் விட்டு மறுபடி தொடங்குங்கள். தண்ணீரே தங்கவில்லை, மலத்தில் ரத்தம், சிறுநீர் வெகுநேரமாகப் போகவில்லை, கண் மஞ்சளாகிறது, ஆள் சோர்ந்து தூங்கி விழுகிறார்: இதில் எது இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள்.

தனியாக இருக்கிறீர்கள் என்பதால் இன்னொன்றும் கேட்டுக்கொள்கிறேன். நீர்ச்சத்து குறைந்தால் எழுந்திருக்கும்போது மயக்கம் வரும், பாத்ரூமில் விழுவார்கள். வாந்தி நிற்காவிட்டால் யாரையாவது போனில் கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள். அவர்கள் வந்து சேரும்வரை பாத்ரூம் கதவை உள்ளே தாழிடாதீர்கள்.